யாருக்கு அபூர்வம்?

‘அபூர்வமான படச்சுருள்’ என்கிறார்கள். என்னத்த அபூர்வம்? யாருக்கு அபூர்வம்?

இங்கிலாந்தில், பிராட்ஃபோர்ட் என்கிற ஆலை நகரத்தில், வேலி பரேட் என்றொரு கால்பந்து மைதானம். 1903 செப்டம்பரில் பிராட்ஃபோர்ட் சிட்டி அணி அங்கே ஆடிய ஆட்டத்தை மிட்செல் – கென்யன் கம்பெனி படம் பிடித்தது. கிளப்பின் பொக்கிஷம், அந்தக் காலத்து அழகு என்று இப்போது உருகுகிறார்கள்.

கம்பெனிக்கு வேண்டியது காசு. ஆலை வாசலானாலும் மைதானமானாலும் கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்புவார்கள். தன் மூஞ்சியைத் திரையில் பார்க்கக் கூலிக்காரன் காசு கொடுத்துக் கொட்டகைக்குள் வருவான். ஆட்டத்தைவிட அவன் முகம்தான் சரக்கு.

அந்த அழகான காலத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். 1903இல் அந்த நாட்டில் 12 வயதுப் பிள்ளை பாதி நாள் ஆலையில், பாதி நாள் பள்ளியில். சனிக்கிழமை மத்தியானம் பந்து பார்க்கப் போக முடிந்ததே, அந்த அரைநாள் ஓய்வும் சும்மா வரவில்லை. 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம்வரை சண்டை போட்டு வாங்கியது. மைதானம் இருக்கிற மானிங்ஹாம் பகுதியில்தான் லிஸ்டரின் பட்டாலை. 1890 டிசம்பரில் அங்கே கூலியை வெட்டினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள், பெரும்பாலும் பெண்கள், குளிர்காலம் முழுக்க வெளியே நின்றார்கள். பட்டாளம் வந்தது. 1891 ஏப்ரலில் தோற்றார்கள். அந்தத் தோல்வியிலிருந்துதான் 1893இல் அதே ஊரில் சுயேச்சைத் தொழிலாளர் கட்சி பிறந்தது. தோற்று 12 வருசம் கழித்து இந்தப் படம். அந்தச் சனத்தில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார்கள்! அவர்களுக்குப் பேர் இல்லை. ஆட்டக்காரனுக்கு இருக்கிறது.

1994இல் பிளாக்பர்ன் ஊரில் ஒரு பழைய கடையின் நிலவறையைக் காலி செய்த வேலையாட்கள் கையில்தான், இரும்புப் பீப்பாய்களில், இந்தக் கம்பெனியின் சுமார் 800 சுருள்கள் கிடைத்தன. எடுத்ததும் தொழிலாளி காசில். மீண்டதும் தொழிலாளி கையில்.

அதே மைதானத்துக்கு இன்னொரு படமும் உண்டு. 1985 மே 11. மரத்தாலான பழைய பார்வையாளர் அரங்கின் அடியில் வருசக்கணக்கில் சேர்ந்த குப்பையில் தீப்பிடித்தது. 1968ஆம் ஆண்டுச் செய்தித்தாள்கூட அதில் கிடந்தது. சிகரெட் நெருப்பே போதும் என்று கவுன்சில் 1984லேயே கடிதம் எழுதியிருந்தது. பின்பக்கக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. ஐந்து நிமிசத்துக்குள் அரங்கு முழுக்க நெருப்பு. 56 பேர் செத்தார்கள். தொலைக்காட்சிக் கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. 1987இல் நீதிமன்றம் பொறுப்பில் மூன்றில் இரண்டு பங்கைக் கிளப்பின் மேல் வைத்தது.

பிராட்ஃபோர்ட் எங்கயோ இருக்கு, நமக்கென்ன என்று கேட்கிற தோழருக்குச் சொல்கிறேன்: கூட்டம் என்று எழுதிக் கடந்துபோகிற எல்லா வரலாறும் நமக்கான பாடம்தான். கூட்டத்தின் முகத்தைக் காசாக்கத் தெரிந்தது; கூட்டத்தின் காலடியில் கிடந்த குப்பையை அள்ள மனசு வரவில்லை.

பழைய படத்தைப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே 1891ஐச் சொல்லுங்கள், 1985ஐச் சொல்லுங்கள். தொப்பியை ஆட்டிச் சிரிக்கிற அந்த மனுசனைக் காட்டி அந்தக் காலம் எவ்வளவு அழகு என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் சிரித்தது அரைநாள்தான்.