விதியும் நடைமுறையும்

இலக்கண விதியைத் தடையின்றி ஒப்புவிக்கும் மாணவன், கட்டுரை எழுதுங்கால் அதே விதியை மறந்து பிழைவிடுவதை ஆசிரியர் யாவரும் அறிவர். அறிதல் வேறு, அறிந்தவாறு ஒழுகுதல் வேறு. இவ்வுண்மை வைத்தியத் துறைக்கும் பொருந்தும்.

லூபஸ் என்பது, உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய். இதனால் வருந்துவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். மூட்டு நோவும் கன்னத்துச் சிவப்பும் வெளியே தெரியும். சிறுநீரகத்தைப் பற்றிய நோயோ ஓசையின்றி வளரும்.

ஐரோப்பிய வாதநோய் வைத்தியர் கூட்டமைப்பு 2023ஆம் ஆண்டு புதுக்கிய வழிகாட்டி தெளிவானது. தடையில்லாத நோயாளர் அனைவருக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மாத்திரை கொடுத்தல் வேண்டும். உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்பது அதன் அளவு. பிரெட்னிசொலோன் மருந்தை நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படாது குறைத்து, இயலுமாயின் நிறுத்துதல் வேண்டும். நோய் தணிந்திருந்தோர் ஹைட்ரொக்சிகுளோரோகுயினை நிறுத்தியபோது அது மீண்டும் கிளரும் அபாயம் இரண்டரை மடங்காயிற்றென, 1991இல் வெளிவந்த கனடிய ஆய்வு காட்டிற்று.

என்னிடம் பயின்ற பெண்ணொருத்தி, மூட்டு நோவு நீங்கிவிட்டதென மகிழ்ந்திருந்தாள். ஓராண்டாக அவளது சிறுநீரை எவரும் சோதிக்கவில்லை. கால்கள் வீங்கிய பின்னரே, சிறுநீரில் புரதம் மிகுதியாகக் கழிவது தெரியவந்தது. அவளைப் பார்த்த வைத்தியர் விதியை அறியாதவரல்லர்; வாயிலில் நின்ற கூட்டம் அவரை நினைக்க விடவில்லை.

ஆதலால் வைத்தியரைக் கண்டிப்பதாற் பயன் சிறிது. நினைவை மட்டும் நம்பாத ஓர் ஒழுங்கே வேண்டப்படுவது. நோயாளரின் கோவையில் முதற்பக்கமாக ஒரு தாள் இருக்கட்டும்: சிறுநீர்ப் புரதம் பார்க்கப்பட்டதா? இரத்த அழுத்தம் எவ்வளவு? பிரெட்னிசொலோன் குறைக்கப்பட்டதா? கண் பரிசோதனை நடந்ததா? நோயாளர் உள்ளே செல்லுமுன் தாதியர் இதனை நிரப்பிவைத்தல் கூடும். சில மாதங்களுக்கொருமுறை கோவைகளை எடுத்து, விடுபட்டவற்றை எண்ணி, பழிகூறாது வைத்தியர்க்கு அறிவித்தலும் நன்று. இத்தகைய மீள்பார்வை ஓரளவேனும் பயன் தருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

குடும்பத்தாருக்கும் இதிற் பங்குண்டு. அவ்வினாக்களைக் கிளினிக் கொப்பியில் எழுதிச் சென்று பணிவுடன் கேளுங்கள். உடல் நலமாயிற்றென்று மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

எழுதி முடித்த கட்டுரையை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது வல்ல மாணவனுக்கும் இழுக்கன்று, வைத்தியருக்கும் அஃதவ்வாறே.