மூட்டுக்குள் ஒரு முண்டு, வெளியே ஒரு முண்டு

முழங்கையை மடக்கி, மறுகை விரல்களால் அதன் இரு பக்கமும் அழுத்திப் பாருங்கள். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு எலும்பு முண்டுகள் தட்டுப்படும். இவை எபிகான்டைல்கள். இவற்றுக்குக் கீழே, வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தி மூட்டுக்குள் இருக்கும் திரட்சி கான்டைல். முன்கை எலும்புகள் அதன்மேல்தான் அசைகின்றன. எபிகான்டைலோ மூட்டில் சேர்வதில்லை. தசைகளும் நார்களும் பற்றிக்கொள்ளும் இடம் அது, அவ்வளவுதான்.

மருத்துவ மாணவர்கள் முதலாண்டில் உருப்போடும் இந்த வேறுபாடு, பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எபிகான்டைல் தரும் தொல்லை நமக்குப் பழக்கமானது. 2004-ல் சச்சின் டெண்டுல்கரைப் படுத்தி, மறு ஆண்டு அறுவை சிகிச்சை வரை கொண்டுபோன ‘டென்னிஸ் எல்போ’ வெளிப்பக்க எபிகான்டைலில் வரும் வலி. மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. துணி பிழிபவர்களுக்கும் பெயின்ட் அடிப்பவர்களுக்கும் அது வரும். உள்பக்க முண்டின் பின்னால் அல்னா நரம்பு ஓடுகிறது. கதவு நிலையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுப்பது அதனால்தான். வலி பெரிதுதான். ஆனாலும் மூட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை.

குழந்தை கையை ஊன்றி விழும்போது கதை வேறு. ஆறு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு வெளிப்பக்கக் கான்டைல் உடைவது அரிதல்ல. அந்த வயதில் மேற்கை எலும்பின் அடிமுனை பெரும்பாலும் குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் அது தெரியாது. வெளிப்பக்க எபிகான்டைலில் எலும்பு உருவாகத் தொடங்கவே பதினொரு வயதாகிவிடும். ஆகவே படத்தில் தெரிவது மெல்லிய ஒரு சில்லு மட்டுமே. உண்மையில் பெயர்ந்திருப்பது மூட்டின் பெரியதொரு பங்கு. எபிகான்டைலும் அந்தத் துண்டோடு சேர்ந்தே வந்துவிடுவதால், அதைப் பற்றியிருக்கும் தசைகள் துண்டை இழுக்கும். சில சமயம் புரட்டியும் போட்டுவிடும். மூட்டுக்குள் சுரக்கும் நீர் முறிவுக்குள் புகுவதும் எலும்பு கூடுவதைத் தடுக்கிறது.

“சின்னக் கீறல்தான், எண்ணெய் போட்டுக் கட்டினால் சரியாகிவிடும்” என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நாட்டுக்கட்டில் கூடிய எலும்புகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூட்டுக்குள் இரண்டு மில்லிமீட்டர் விலகியிருப்பதை எந்தக் கைராசிக்காரரின் விரலும் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. தடவி நீவுவது துண்டை இன்னும் நகர்த்தக்கூடும். கூடாமல் போன கான்டைலோடு பிள்ளை வளர்ந்தால் முன்கை வெளிப்பக்கமாகச் சாயும். உள்பக்கத்து அல்னா நரம்பு வருடக்கணக்கில் இழுபடும். இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்து, உள்ளங்கைத் தசை வற்றும்போது, அந்தப் பழைய விழுதல் யாருக்கு நினைவிருக்கும்?

உள்பக்க எபிகான்டைல் உடைந்த பிள்ளைக்கோ பெரும்பாலும் மாவுக்கட்டே போதும். மூட்டு பிசகி, உடைந்த துண்டு உள்ளே சிக்கிக்கொண்டால் அறுவை சிகிச்சை கட்டாயம். எலும்பு முழுதாகக் கூடாமல் நாரால் ஒட்டிக்கொண்டாலும் அநேகமாகக் கை நன்றாகவே இயங்கும். ஒரே பக்கத்துக் கான்டைலுக்கும் எபிகான்டைலுக்கும் நடுவே ஒரு விரற்கடைத் தூரம்கூட இல்லை, கையின் எதிர்காலமே மாறிவிடுகிறது.

ஆகவே குழந்தை விழுந்து முழங்கையின் வெளிப்பக்கம் வீங்கினால், கையை நீவாமல், அசையாதபடி தாங்கிப் பிடித்து எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உடைந்தது கான்டைலா, எபிகான்டைலா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கான்டைல் என்றால், சாய்வாக வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும் வேண்டுமா என்று கேளுங்கள். விலகல் அதில்தான் நன்றாகத் தெரியும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் துண்டைச் சரியாகப் பொருத்திக் கம்பி வைப்பார்கள். அதற்குக் குறைவென்று மாவுக்கட்டோடு அனுப்பினாலும், ஒரு வாரத்துக்குள் மறுபடம் எடுக்க அழைத்துப்போகத் தவறாதீர்கள். கட்டுக்குள்ளேயே துண்டு நகர்ந்துவிடுவதுண்டு.