கைத்தறி நாள் வாழ்த்து அனுப்பியவர்களுக்கு



ஆகஸ்ட் 7 வந்தால் பட்டுப்புடவைப் படத்தைப் போட்டு 'நம் தேசப் பெருமை' என்கிறீர்கள். 1905 சுதேசி இயக்க நினைவாக 2015 முதல் கொண்டாடும் நாள், நல்லது. ஆனால் 2020-இல், அந்த நாளுக்குச் சில நாள் முன்புதான் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்கள். அன்று ஒரு வரி எழுதினீர்களா?

குழித்தறியில் கால் மிதித்து, சரிகையில் கண் நட்டு, முதுகும் முழங்காலும் பார்வையும் போனவர்கள் காஞ்சியில் தெருவுக்குத் தெரு உண்டு. கூரத்தாழ்வான் கண்ணிழந்த கதை நம்மூரில் குழந்தைக்கும் தெரியும், இவர்கள் கதை?

பூடானிலும் உடைதான் தேசப் பெருமை. கோவும் கீராவும் அரசு அலுவலகங்களில் கட்டாயம். ஆனால் இலவச அடிப்படை மருத்துவத்தையும் 2008 அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள்.

அடுத்த முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்கையில், தள்ளுபடி கேட்குமுன் நெய்தவர் கூலி எவ்வளவு என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதிலை இங்கேயே எழுதுங்கள்.