அது வீண் பதற்றமா?

'சீனப் பாலில் கலந்த மெலமைன் என்ற வேதிப்பொருள் சிறுநீரோடு போய்விடும். 2008-இல் சிங்கப்பூர் வீணாகப் பதறியது' என்கிறார் நண்பர். பெரியவர்களுக்கு அப்படியே இருக்கட்டும். கைக்குழந்தைக்குப் பால்மாவே முழுச் சாப்பாடு. அதன் சிறுநீரில் இயல்பாகவே மிகுந்திருக்கும் யூரிக் அமிலத்தோடு மெலமைன் சேர்ந்தால் கல் உண்டாகலாம். கல் அடைத்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம். வெளியே அறிகுறியே தெரியாமலும் இருக்கலாம். சீனாவில் சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 6 குழந்தைகள் இறந்தன. தண்ணீர் கலந்த பாலில் மெலமைனைச் சேர்த்து நைட்ரஜன் அளவை ஏற்றி, புரதம் இருப்பதாகக் காட்டிய பித்தலாட்டம் அது!

இங்கே சிங்கப்பூரில், சீனாவின் ஒயிட் ராபிட் பால் மிட்டாயிலேயே மெலமைன் அகப்பட்டது. செப்டம்பர் 19 அன்று வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் சீனப் பால்பொருள்கள் அனைத்தையும் தடை செய்தது. சிராங்கூன் சாலைக் கடைக்காரர்களுக்கும் நட்டம் வந்திருக்கலாம், மறுக்கவில்லை. எந்த டப்பாவில் நஞ்சு என்று தெரியாதபோது எல்லாவற்றையும் கடை அலமாரியிலிருந்து இறக்கியதுதான் சரி.