வெப்பநிலை எழுதாத அளவீடு

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும் ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர் ஆலைகளும் வந்தபின் அவற்றைச் சுற்றிப் பெருகிய உதிரிபாகத் தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் ஓடும் ஃபோர்க்லிஃப்ட்டுகளில் லித்தியம் பேட்டரி இடம்பிடித்து வந்தாலும், மூடியைத் திறந்து நீர் நிரப்ப வேண்டிய ஈய-அமில பேட்டரி இன்னும் விடைபெறவில்லை. 48 வோல்ட் பேட்டரியில் 24 செல்கள் உள்ளன. மின்னிறக்கத்தின்போது கந்தக அமிலத்தின் சல்பேட் தட்டுகளுக்குச் சென்று நீர் உண்டாவதாலும், சார்ஜ் ஏறுகையில் அது திரும்பி வருவதாலும், செல்லில் உள்ள மின்பகு திரவத்தின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, செல்லின் நிலையை நேரடியாகக் காட்டுகிறது.

ஆனால் திரவம் சூடேறினால் விரிந்து அடர்த்தி குறையும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.0007. சித்திரை, வைகாசியில் சார்ஜ் முடிந்த செல் 45 டிகிரியில் இருக்கும்போது ஹைட்ரோமீட்டர் 1.255 காட்டினால், இந்தியாவில் வழக்கமான 27 டிகிரி அடிப்படையில் அதன் உண்மை அளவு 1.268 ஆகும். பல நாட்டு நிறுவனங்கள் அடுத்தடுத்து இயங்கும் இவ்வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது: ஜப்பானியக் கையேடுகள் 20 டிகிரியையும், ஐரோப்பிய ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிக் கையேடுகள் 30 டிகிரியையும் அடிப்படையாகக் கொள்வதால், முன்னதன் 1.280 இங்கே 1.275 ஆகவும் பின்னதன் 1.290 இங்கே 1.292 ஆகவும் மாறும். இந்த வேறுபாடு சிறிதுதான். திருத்தாமல் விட்ட கோடை வெப்பத்தோடு சேரும்போதுதான் நல்ல செல் கெட்ட செல்லாகத் தோன்றுகிறது.

அளக்கும் முறையும் அதே அளவு முக்கியம். ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அழுத்தித் திரவத்தை இரண்டு மூன்று முறை இழுத்து விட்டுக் கருவியையும் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, மிதவை கண்ணாடிச் சுவரில் ஒட்டாமல் செங்குத்தாக நிற்கும்போது, கண்ணைத் திரவ மட்டத்துக்கு இறக்கி, தண்டில் ஏறி நிற்கும் விளிம்பை விட்டுவிட்டுத் திரவ மட்டத்தில் உள்ள கோட்டைப் படிக்க வேண்டும். ஒரு சொட்டில் அளவு சொல்லும் ரிஃப்ராக்டோமீட்டர் வசதியானதே. எனினும் கையடக்கக் கருவிகள் பெரும்பாலானவற்றில் தானியங்கி வெப்பத் திருத்தம் ஏறத்தாழ 30 டிகிரி வரையே செல்லும் என்பதை விற்பவர் அழுத்திச் சொல்வதில்லை.

நீர் ஊற்றியவுடன் எடுக்கும் அளவுக்கு மதிப்பே இல்லை. புதிய நீர் மேலே மிதக்க, அடர்ந்த அமிலம் அடியில் தங்கிவிடுகிறது. சார்ஜின் இறுதியில் எழும் வாயுக் குமிழ்களே இரண்டையும் கலக்குகின்றன என்பதால், தட்டு வெளியே தெரிந்தாலொழியச் சார்ஜ் முடிந்த பிறகே நீர் நிரப்புவது முறை. அளவீடோ அடுத்த முழு சார்ஜுக்குப் பின்னர்தான். ஆவியாகவும் வாயுவாகவும் வெளியேறுவது நீரே. அமிலம் செல்லிலேயே இருக்கிறது. எனவே அளவு குறைந்த செல்லில் ஆசிட் ஊற்றுவது வைத்தியமல்ல, நோயை மறைப்பது. குளோரைடும் இரும்பும் கலந்த போர்வெல் தண்ணீரும் கூடாது. ஐஎஸ் 1069 தரத்துக்குரிய நீரே பொருத்தம்.

ஷிப்ட் மாறும் அவசரத்தில் இத்தனையும் நடக்குமா என்று கேட்கலாம். மாதம் ஒருமுறை முழு பேட்டரியையும், வாரம் ஒருமுறை மாதிரியாகத் தேர்ந்த ஒரு செல்லையும் அளந்தால் போதும். பதிவேட்டில் வெப்பநிலை, சார்ஜ் முடிந்த நேரம், கடைசியாக நீர் நிரப்பிய நாள் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள். இம்மூன்றும் இல்லாத 1.255ஐ நம்பி எந்தச் செல்லையும் கழிக்க வேண்டாம்.