கொழுந்து இறங்கிய வழியில் நாம்

பதுளைத் தேயிலைத் தோட்டங்களின் ரோடுகள் தோட்டத்து மக்களான நமக்காகப் போடப்பட்டவை அல்ல. கொழுந்து மலையிலிருந்து ஸ்டோருக்குப் போகவும், தேயிலைப் பெட்டி ஸ்டோரிலிருந்து ரயிலுக்குப் போகவும் போடப்பட்டவை. 1924இல் ரயில் பதுளைவரை வந்த பிறகும் அந்த அமைப்பு மாறவில்லை. இன்றும் பல இடங்களில், எதிரே தெரியும் அடுத்த தோட்டத்துக்கு வாகனத்தில் போக வேண்டுமானால் அடிவாரம்வரை இறங்கி, மெயின் ரோட்டில் சுற்றி, மறுபடி மலையேற வேண்டும். இரவில் பிரசவ வலி கண்டவளும் அந்தச் சுற்றைச் சுற்றித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்.

அந்தத் தூரத்தைக் குறைத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். கணக்குக்குக் கணக்கு, தோட்டத்துக்குத் தோட்டம் குறுக்குப் பாதைகளை நடந்து நடந்தே உண்டாக்கினார்கள். அவற்றை நாம் காடேற விட்டோம். ஆட்டோ வந்ததும் மறந்தே போனோம்.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபைப் பணம் தோட்டத்துக்குள் வருவதற்குத் தடையாக இருந்தது. நாமும் வாக்களித்த சபைகள் நம் ரோட்டில் ஒரு கல் பதிக்க முடியாமல் இருந்தன. அந்தச் சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுக்கு மேல் ரோட்டுப் பிரச்சினையைத் தொழிற்சங்கத்தின் வேலை என்று ஒதுக்கினோம். திருத்தம் வந்த பிறகாவது, எந்தப் பாதையைச் சபை பொறுப்பேற்க வேண்டும் என்று பட்டியல் எழுதிக்கொண்டு போனோமா?

2014 அக்டோபர் 29இல் மண்சரிவில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அதன்பின் பாதுகாப்பான இடத்தில் வீடு கேட்டோம், ஏழு பேர்ச்சஸ் காணி கேட்டோம், உறுதிப்பத்திரம் கேட்டோம். கேட்டது நியாயம். ஆனால் புது வீட்டு வரிசையின் வீதி மறுபக்கம் எங்கே போய்ச் சேரும் என்று கேட்கவில்லை. மண் சரிந்து ஒரு வழி மூடினால் இன்னொரு வழி வேண்டாமா?

படித்து வேலைக்குப் போன நாமும் வீதி எங்கே போய்ச் சேரும் என்று கேட்கவில்லை. பதுளை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கம் துண்டு காணி வாங்கினோம். விற்பவர் தம் எல்லையோடு ஒழுங்கையை நிறுத்தினார். அதன் முடிவில் நாம் கேட் போட்டோம். ஆள்நடமாட்டம் இல்லாத முட்டுச்சந்தை அமைதி என்று எண்ணினோம். நகரம் இப்படித்தான் துண்டுதுண்டாக மலையேறுகிறது.

உலக நகரங்களின் வீதிகளை ஆராய்ந்து பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இருவர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, புதிய வீதிகள் ஒன்றோடொன்று இணைவது பல நாடுகளில் குறைந்துவருவதைக் காட்டியது. ஒருமுறை போட்ட வீதியமைப்பு எளிதில் மாறாது என்பதையும் அது வலியுறுத்தியது. துரைமார் போட்ட ரோட்டில் இன்னும் நடக்கும் நமக்கு இதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆகவே இப்போதே தொடங்குவோம். ஒவ்வொரு தோட்டத்திலும் பெரியவர்களோடு நடந்து பழைய குறுக்குப் பாதைகளை வரைபடத்தில் குறிப்போம். அதைப் பிரதேச சபையிடம் எழுத்தில் கொடுப்போம். இரண்டு வழி இல்லாத புதிய வீட்டுத் திட்டத்தை இனி ஏற்கமாட்டோம் என்று சொல்வோம். தோட்டத்தை ஊராக்கும் பொறுப்பு நம்முடையது.