கடன் தீர்ந்த லாரிக்குக் கதவடைப்பு

தில்லியின் வடமேற்கு ஓரத்தில், ஜி.டி. கர்னால் ரோட்டை ஒட்டி இருக்கிறது சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிகளுக்கு இது அந்நிய இடமல்ல. இங்கே ஓடும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் நாமக்கல்லிலும் ஓடுகிறது. இடையே சுமார் 2,400 கிலோமீட்டர்.

கொண்டுவந்த தீப்பெட்டியையோ ஜவ்வரிசியையோ இறக்கியதும் லாரிக்காரரின் கவலை ஆரம்பமாகிறது. ரிட்டர்ன் லோடு வேண்டும். காலி வண்டியோடு ஊர் திரும்பினால், லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 600 லிட்டர் டீசல் கைக்காசு. சுங்கச் சாவடிகள் தனி. சரக்கு அனுப்பும் ஆலை எது என்பது அவருக்குத் தெரியாது. அது புக்கிங் ஆபீஸுக்குத்தான் தெரியும், நடுவில் புரோக்கர். வடக்கே 'பில்டி' என்று சொல்லப்படும் சரக்கு ரசீது டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் பெயரில்தான் எழுதப்படும். கமிஷன் முதலிலேயே கழிந்துவிடும். வாடகையில் ஒரு பகுதி அட்வான்ஸ். பாக்கி, சரக்கு இறங்கி, கையெழுத்தான பில்டி வந்து சேர்ந்த பிறகு.

பத்து லாரி வைத்திருப்பவருக்கு ஒன்று நின்றால் பெரிய நஷ்டமில்லை. முதலாளியும் டிரைவரும் ஒருவரே என்றால் கதை வேறு. மூன்று நாள் சும்மா நின்றவர், முதல் நாள் மறுத்த வாடகைக்கு நான்காம் நாள் தலையாட்டுவார். புரோக்கருக்கு இது நன்றாகவே தெரியும். இப்போது செல்போனிலேயே லோடு விவரம் வருகிறது. ஆனால் பக்கத்தில் நிற்கும் அத்தனை லாரிக்காரர்களின் போனிலும் அதே லோடுதான் தெரிகிறது!

இந்தத் தொழிலின் கணக்கே கடைசி ஆண்டுகளில்தான் இருக்கிறது. கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, பழைய வண்டி ஒன்றைக் கடனில் வாங்கி முதலாளியானவர்கள் ஏராளம். சென்னையில் 1979இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் வளர்ந்ததே இப்படிப்பட்டவர்களுக்குப் பழைய லாரி வாங்கக் கடன் கொடுத்துத்தான். நான்கைந்து ஆண்டுகள் வண்டி ஓடுவது தவணைக்காக. அதற்குப் பிறகு ஓடுவதுதான் வீட்டுக்கு. மகள் கல்யாணம், மகன் படிப்பு எல்லாம் அந்த ஆண்டுகளை நம்பித்தான்.

தில்லி கை வைத்திருப்பது அந்த ஆண்டுகளில்தான். நேஷனல் பர்மிட் விதிகள் சாதாரண லாரிக்கு 12 ஆண்டுகளும், பல அச்சு லாரிக்கு 15 ஆண்டுகளும் வயது வரம்பு வைக்கின்றன. தலைநகரின் கடிகாரமோ வேகமாக ஓடுகிறது. 2015 நவம்பரில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, நகருக்குள் நுழையும் லாரிகளுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் வந்தது: இரண்டு அச்சு லாரிக்கு 700 ரூபாய், மூன்று அச்சுக்கு 1,300. அடுத்த மாதமே இரண்டும் இரட்டிப்பாயின. பிறகு வந்தது காற்றுத் தர மேலாண்மை ஆணையத்தின் உத்தரவு. தில்லியில் பதிவாகாத பி.எஸ்.-3 மற்றும் அதற்கும் முந்தைய சரக்கு வண்டிகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் தடை. பி.எஸ்.-4 வண்டிகளுக்கு 2026 அக்டோபர் 31 வரை அவகாசம் தரப்பட்டது.

பி.எஸ்.-4 வண்டி என்றால் ஏதோ காயலான் கடைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச் வரை ஷோரூமில் விற்ற வண்டி அது. 2019இல் வாங்கியவர் அடுத்த ஆண்டே கொரோனா முடக்கத்தில் மாட்டினார். தவணையைத் தள்ளிப்போட்டு, வட்டியையும் சேர்த்துக் கட்டினார். கடன் அடைந்து மூச்சு விடும் நேரத்தில் தில்லிக்குள் வரக்கூடாது என்றால், டிரான்ஸ்போர்ட் நகருக்கும் வரக்கூடாது என்றுதானே பொருள்? ரிட்டர்ன் லோடு பேசும் இடமே அதுதான்.

தில்லியின் குளிர்காலக் காற்றைச் சுவாசித்தவர் யாரும் இந்த உத்தரவுகளை வீண் என்று சொல்லமாட்டார். அந்தக் காற்றை அதிகம் குடிப்பவர்களில் லாரிக்காரரும் ஒருவர். பகலில் கனரக லாரிகளுக்கு நகரில் தடை என்பதால், எல்லையில் எஞ்சின்களுக்கு நடுவே இரவுக்காகக் காத்திருப்பவர் அவர். தகராறு புகையைப் பற்றியதல்ல, செலவைப் பற்றியது. புது வண்டி வாங்க வேண்டும் என்றால் மறுபடியும் ஐந்து ஆண்டுத் தவணை. பழையதை விற்கலாம் என்றால், தில்லிக்குப் போகமுடியாத வண்டி என்று வாங்குபவர் விலையைக் குறைப்பார். ஹரியானா எல்லையில் குண்ட்லியிலேயே சரக்கை இறக்கி, சி.என்.ஜி. வண்டிக்கு மாற்றி அனுப்பலாம். அந்த ஏற்றுகூலி, இறக்குகூலி, அடுத்த வண்டி வாடகை எல்லாம் யார் கணக்கில்? சரக்குக்காரர் பேசிய வாடகைக்கு மேல் தரமாட்டார். புக்கிங் ஆபீஸ் பாக்கி வாடகையில் பிடித்துக்கொள்ளும். அட்வான்ஸோ ஏற்கெனவே டீசலாகப் போய்விட்டது.